ஆங்கில அணிகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரு வினா உண்டு. பாடநூல் கவிதையிலிருந்து ஓரிரு அடிகளைத் தந்து, அவற்றில் பயின்று வந்துள்ள அணி யாது எனக் கேட்பர். விடை ஒரே சொல். சிமிலி, மெட்டபர், பெர்சானிபிகேஷன், அலிட்டரேஷன் என்னும் பெயர்களுள் பொருத்தமானதை எழுதிவிட்டால் போதும். கிடைக்கும் மதிப்பெண் சிறிது. அந்த ஒரு சொல்லுக்காக நம் பிள்ளைகள் படும் பாடு பெரிது.

நம் தருமபுரி மாவட்டம் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் கடைசியில் நின்ற மாவட்டம். ஆங்கிலக் கவிதையின் முன்னால் உட்காரும் முதல் ஆள் நம் வீடுகள் பலவற்றில் அந்தப் பிள்ளைதான். அத்தாவிடம் கேட்கவும் வழியில்லை. அம்மாவிடம் கேட்கவும் வழியில்லை. ஆகவே பிள்ளை ஒரு குறுக்கு வழியை மனனம் செய்துகொள்கிறது. ‘லைக்’ என்றோ ‘ஆஸ்’ என்றோ ஒரு சொல் கண்ணில் பட்டால் சிமிலி, படாவிட்டால் மெட்டபர், ஒரே எழுத்து இருமுறை வந்தால் அலிட்டரேஷன். பாதி நேரம் இது பலிக்கிறது. மீதி நேரம் காலை வாரிவிடுகிறது. ‘லைக்’ என்பதற்கு ‘விரும்பு’ என்றும் பொருள் உண்டல்லவா? மாம்பழத்தை விரும்புகிறேன் என்று சொன்னவன் எந்த உவமையையும் சொல்லவில்லை. அவள் தன் அக்காளைப் போலிருக்கிறாள் என்பதிலும் உவமையணி இல்லை. அது வெறும் ஒப்பீடு. உருபு இருக்கும் இடமெல்லாம் அணி இருக்கும் இடமன்று.

இதில் நாம் சொல்ல விழைவது ஒன்றே. அணிகள் நம் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. பெயர்கள்தாம் புதியவை. பொருளை அறிந்தவனுக்குப் பெயரைச் சொல்லிக்கொடுப்பது எளிது. பொருளைக் காட்டாமல் பெயரை மட்டும் ஊட்டும்போதுதான் பாடம் சுமையாகிறது.

எம் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி மாலை வேளைகளில் பாடம் கேட்க வருவதுண்டு. அவளுடைய ஏட்டில் பன்னிரண்டு அணிப் பெயர்களும் அவற்றின் இலக்கணமும் சிவப்பு மையில் அழகாக எழுதப்பட்டிருந்தன. ஒன்றுக்கேனும் சொந்தமாக எடுத்துக்காட்டுச் சொல் என்றால் தலை குனிந்துகொண்டாள். அவளுடைய அத்தா பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் வேலை செய்பவர். நேற்று இரவு வீட்டுக்கு வந்ததும் அத்தா என்ன சொன்னார் என்று கேட்டோம். “போன வாரம் தங்கமா இருந்த தக்காளி இன்னைக்கு மண்ணாப் போச்சுன்னு சொன்னார்” என்றாள். அம்மா என்ன சொன்னார்? “மேகம் எட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு, இறங்கி வர மனசில்லேன்னு சொன்னாங்க.” ஏட்டைத் திறந்து பார் என்றோம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் முகம் மலர்ந்தது. தக்காளியைத் தங்கம் என்றது மெட்டபர். மேகத்துக்கு மனம் இருப்பதாகச் சொன்னது பெர்சானிபிகேஷன். எழுதப் படிக்கத் தெரியாத தாய் சொன்ன சொல்லுக்குக் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் பெயர் வந்திருக்கிறது என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது.

பெயரை அறிந்த பிறகு, ஆய்ந்து பார்க்கும் முறையை அறிய வேண்டும். இங்கேயும் நமக்குப் பிறர் வாசலில் நிற்க வேண்டிய தேவை இல்லை. உவமையை நான்கு உறுப்புகளாகப் பிரித்துப் பார்ப்பது தமிழ் மரபு. சொல்லவந்த பொருள், அதற்கு ஒப்பாக நிறுத்திய உவமை, இரண்டையும் இணைக்கும் உருபு, இரண்டுக்கும் பொதுவான தன்மை. அரபு மொழியின் அணியிலக்கணமான பலாகா கலையும் இந்த நான்கையே சொல்கிறது. முஷப்பஹ், முஷப்பஹ் பிஹி, அதாத், வஜ்ஹுஷ் ஷபஹ் என்று மதரஸா மாணவர்கள் இவற்றைப் பாடம் செய்வார்கள். ஆங்கிலத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் அறிஞர் 1936இல் வெளியிட்ட நூலில், சொல்லவந்த பொருளை டெனர் என்றும், அதைச் சுமந்துவரும் உவமையை வெஹிகிள் என்றும் பெயரிட்டார். பொதுத்தன்மையை கிரவுண்ட் என்பார்கள். மூன்று மொழியினரும் தனித்தனியே நடந்துவந்து ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள்.

பொதுத்தன்மை எது என்று தேடும்போது தொல்காப்பியர் வகுத்த நான்கு வழிகள் கைகொடுக்கும். வினை, பயன், மெய், உரு என்பன அவை. செய்யும் செயலால் ஒத்திருக்கிறதா, விளையும் பயனால் ஒத்திருக்கிறதா, வடிவால் ஒத்திருக்கிறதா, நிறத்தால் ஒத்திருக்கிறதா? எந்த ஆங்கிலக் கவிதையின் உவமையையும் இந்த நான்கு வினாக்களின் முன் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கேனும் விடை சொல்லிவிடும்.

உருபு மறைந்துபோனால் என்ன ஆகும்? தேன்மொழி என்றால் தேன் போன்ற மொழி, உவமை. அதையே திருப்பி மொழித்தேன் என்றால் மொழியாகிய தேன், உருவகம். இந்த உருவகத்தைத்தான் ஆங்கிலம் மெட்டபர் என்கிறது. ‘ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் சுமந்து செல்லல்’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். அரபியர் இன்னும் ஒருபடி நுணுகிச் சென்றனர். ‘ஸைது ஒரு சிங்கம்’ என்றால் அதைச் சுருக்கிய உவமை என்றே பலரும் கொண்டனர். ‘மிம்பர் மீது ஒரு சிங்கத்தைக் கண்டேன்’ என்று ஆளின் பெயரையே மறைத்துவிட்டால்தான் அது இஸ்திஆரா. இஸ்திஆரா என்றால் இரவல் வாங்குதல். சிங்கத்தின் பெயரை வீரன் இரவல் வாங்கிக்கொண்டான். ஆங்கிலமோ இவ்விரண்டையும் மெட்டபர் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது.

இந்த இரவலுக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் ஊர் சாட்சி நிற்கிறது. ஒகேனக்கல் என்பது கன்னடச் சொல். புகையும் கல் என்பது பொருள். காவிரி பாறையில் விழுந்து தெறிக்கும் நீர்த்திவலையைப் புகையாகக் கண்டவர் யாரோ. திவலை என்ற சொல்லே பெயரில் இல்லை. புகை மட்டும் நிற்கிறது. நாள்தோறும் பேருந்துப் பலகையில் நாம் படித்துச் செல்லும் உருவகம் அது.

மற்ற அணிகளையும் இப்படியே நம் வீட்டுப் பேச்சில் அடையாளம் காணலாம். உன்னை ஆயிரந்தடவை கூப்பிட்டேன் என்று அம்மா சொல்வது ஹைபர்பலி. நம் இலக்கணத்தில் உயர்வுநவிற்சி. ஊரே சிரிக்கிறது என்பது மெட்டானிமி, நமக்கு இடவாகுபெயர். தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பது சினெக்டகி, நமக்குச் சினையாகுபெயர். சலசல, படபட என்பன ஆனமட்டபியா, நமக்கு ஒலிக்குறிப்பு. இறந்தார் என்னாமல் இயற்கை எய்தினார் என்பது யூபமிசம், நமக்கு மங்கலம். நாம் வழங்கும் வஃபாத் என்ற சொல்லும் நிறைவு என்னும் பொருளை அடியாகக் கொண்டு பிறந்த மங்கலச் சொல்லே. ஆக்ஸிமோரான் என்பது முரண். கூர்மை, மழுக்கம் என்னும் இரு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்த அந்தப் பெயரே ஒரு முரண்தான்.

அலிட்டரேஷனில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. அதை மோனை என்று சொல்லிக்கொடுப்பது சரியே. ஆனால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. தமிழ் மோனையில் உயிரும் இனமாக அமைய வேண்டும். ககரத்துக்குக் கா, கை, கௌ பொருந்தும், கி பொருந்தாது. ஆங்கிலத்தில் மெய்யொலி ஒத்தால் போதும். அதுவும் எழுத்தன்று, ஒலி. நகரத்தைக் குறிக்கும் ‘சிட்டி’யும் பூனையைக் குறிக்கும் ‘கேட்’டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகா. ‘போன்’ என்பதும் ‘பேன்’ என்பதும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கினாலும் ஒலியால் அலிட்டரேஷன் ஆகும். கண்ணால் தேடாதே, வாய்விட்டுப் படித்துக் காதால் தேடு என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத அணி ஒன்று உண்டு. அதுதான் ஐரனி. அதற்கு உருபும் இல்லை, ஓசையும் இல்லை. அதைக் கற்க நம் தருமபுரியை விடச் சிறந்த இடம் இல்லை. பழைய தகடூரே இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவை சொன்னதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் காணலாம். இங்குள்ள ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. சொல்லை மட்டும் பார்ப்பவன் ஔவை தொண்டைமானைப் புகழ்ந்தார் என்பான். யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னார் என்று பார்ப்பவனே இந்தப் புகழ்ச்சிக்குள் இருக்கும் இகழ்ச்சியைக் காண்பான். நம் அணி நூலார் இதை வஞ்சப்புகழ்ச்சி என்றனர். ஐரனி என்பது என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். அணி எல்லா மொழிக்கும் பொதுவாயினும், அது நிற்கும் மண் பொதுவன்று. ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட் அன்புக்குரியவரைக் கோடை நாளோடு ஒப்பிட்டுத் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் அரூரிலும் பென்னாகரத்திலும் தண்ணீர்க் குடம் சுமக்கும் பிள்ளைக்கு அது புகழ்ச்சியாகவா படும்? குளிர் நாட்டில் வெயில் அருள்; நம் நாட்டில் நிழல் அருள். ஆங்கிலேயர் அன்பான வரவேற்பை வெதுவெதுப்பானது என்பர். அன்பில்லாதவரைக் குளிர்ந்தவர் என்பர். நமக்கோ கண் குளிர்கிறது, வயிறு குளிர்கிறது, மனம் குளிர்கிறது. அரபியரும் நம் பக்கமே நிற்கின்றனர். மனைவியரிலும் மக்களிலும் கண்குளிர்ச்சியைத் தருமாறு இறைஞ்சும் துஆ திருமறையின் 25ஆம் அத்தியாயத்தில் உள்ளது. ஆங்கில அணியை அறியப் புகுவோர் அந்த நாட்டு வெயிலையும் மழையையும் சற்றே அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

கை என்னும் ஓர் உறுப்பையே எடுத்துக்கொள்வோம். அவனுக்குக் கை நீளம் என்று தமிழில் சொன்னால் நாம் பெட்டியைப் பூட்டுவோம். சட்டத்துக்கு நீண்ட கை உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னால், குற்றவாளி எங்கே ஓடினாலும் பிடிபடுவான் என்று பொருள். அரபியில்? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடம், உங்களுள் நீண்ட கையுடையவரே எனக்குப்பின் முதலில் என்னை வந்தடைவார் என்னும் கருத்தில் ஒருமுறை கூறினார்கள். அன்னையர் ஒருவரோடொருவர் கைகளை அளந்து பார்த்தனர். அண்ணலாருக்குப்பின் அவர்களுள் முதலில், ஹிஜ்ரி 20இல், மறைந்தவர் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி). அவர் தம் கையால் உழைத்து ஈட்டியதைத் தருமம் செய்துவந்தவர். நீண்ட கை என்றது கொடையைத்தான் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஒரே கை, தமிழில் திருட்டு, ஆங்கிலத்தில் அதிகாரம், அரபியில் ஈகை. அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட அன்னையரே அளந்து பார்த்த பிறகு, ஆங்கில அணி புரியவில்லையே என்று நம் பிள்ளை வெட்கப்படத் தேவையில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. விடியலின் வெள்ளை நூல் கறுப்பு நூலினின்றும் தெளிவாகும்வரை உண்ணலாம் என நோன்பைப் பற்றித் திருமறை கூறுகிறது. இதைக் கேட்ட அதீ இப்னு ஹாத்திம் (ரலி) கறுப்புக் கயிறு ஒன்றையும் வெள்ளைக் கயிறு ஒன்றையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரவில் எடுத்து எடுத்துப் பார்த்தார். வேறுபாடு தெரியவில்லை. காலையில் பெருமானாரிடம் சென்று சொன்னார். அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமுமே என்று அண்ணலார் விளக்கினார்கள். அப்படியானால் உம் தலையணை மிக அகலமானதுதான் என்று சொன்னதாகவும் ஓர் அறிவிப்பில் உள்ளது. அடிவானமே அதன் அடியில் அடங்க வேண்டுமல்லவா? அணியைத் தவறவிட்டவருக்கு இன்னோர் அணியாலேயே, மனம் நோகாமல், பாடம் சொல்லப்பட்டது. அதீ யார்? அரபு நாட்டின் கொடைவள்ளலும் கவிஞருமான ஹாத்திம் தாயீயின் மகன். நமக்கு அதியமான் எப்படியோ, அரபியருக்கு ஹாத்திம் அப்படி. கவிஞர் வீட்டுப் பிள்ளைக்கே நேர்ந்ததை எண்ணி ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமை கொள்ள வேண்டும்.

அணியறிவு தேர்வோடு முடிவதன்று என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது. அணியைத் தவறவிட்டால் நோன்பின் நேரமே தவறும். எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. எல்லாமே அணிதான் என்று சொல்லிக் கட்டளைகளையும் உருவகமாக்கிக் கரைத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே நம் அறிஞர்கள் ஒரு நெறியை வகுத்தனர். சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கொள். அங்கு நில்லாதபடி தடுக்கும் சான்று இருந்தால் மட்டும் அணியாகக் கொள். அந்தச் சான்றுக்குக் கரீனா என்று பெயர். மிம்பர் மீது கண்ட சிங்கம் மனிதன்தான் என்று காட்டும் கரீனா அந்த மிம்பர். காட்டில் சிங்கத்தைக் கண்டேன் என்றால் அது சிங்கமே. ஆங்கில வினாத்தாளுக்கும் இந்த நெறி பொருந்தும். நேர்ப்பொருள் எங்கே இடறுகிறது என்று பார்த்தால், அணி அங்கே இருக்கும்.

ஹிஜ்ரி 471இல், அதாவது ஏறத்தாழ 1078இல், மறைந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானி இத்துறையின் பேரறிஞர். முதுமையால் தலை நரையாய்ப் பற்றி எரிகிறது என்னும் கருத்தில் நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் இறைஞ்சியதை அவர் ஆராய்ந்தார். அழகு உருவகத்தில் மட்டும் இல்லை. நரை எரிகிறது என்னாமல் தலை எரிகிறது என்ற அமைப்பிலும் இருக்கிறது என்றார். வீட்டில் நெருப்பு எரிகிறது என்றால் ஒரு மூலையில் எரிந்தாலும் போதும். வீடே நெருப்பாய் எரிகிறது என்றால் எங்கும் மிச்சமில்லை. பெயர் சொல்வதோடு நிற்காமல், ஏன் இப்படிச் சொன்னார் என்று கேட்கும் பழக்கம் இதுதான். இந்தப் பழக்கம் உள்ள பிள்ளை செய்தித்தாளையும் மேடைப் பேச்சையும் அப்படியே விழுங்கிவிடாது. ஒருவர் ஒரு கூட்டத்தாரை வெள்ளம் என்றோ, கறையான் என்றோ சொன்னால், இது உருவகம். இதன் பொதுத்தன்மை என்ன. இதைச் சொல்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் தெரியாது என்று பிள்ளையின் பாடத்திலிருந்து ஒதுங்கிப் போகாதீர்கள். கேழ்வரகுக் களி கிண்டும்போதும், கடையை மூடிவிட்டு வந்து காலை நீட்டி உட்காரும்போதும் நீங்கள் பேசும் பேச்சில் அந்தப் பாடம் இருக்கிறது. இன்று நான் என்ன சொன்னேன், அது என்ன அணி என்று பிள்ளையிடம் கேளுங்கள். சிமிலி என்றோ மெட்டபர் என்றோ பிள்ளை சொல்லட்டும். எதை எதனோடு ஒப்பிட்டேன், எதனால் ஒப்பிட்டேன் என்று நீங்கள் சொல்லுங்கள். பாதிப் பாடம் பிள்ளையிடம் இருக்கிறது, பாதி உங்களிடம் இருக்கிறது. அரபு நாட்டை வயலும் வாய்க்காலுமாகச் சீறாப்புராணத்தில் பாடி நம் கண்முன் கொண்டுவந்தாரே உமறுப் புலவர், அவர் பிறந்த மொழியைப் பேசும் வீடுகள் நம் வீடுகள். அந்த வீட்டுப் பிள்ளை ஓர் ஆங்கில உவமையின் முன் அஞ்சி நிற்க வேண்டியதில்லை. வல்ல இறைவன் நம் மக்களுக்குக் கல்வியையும், கற்றதன் பொருளுணரும் தெளிவையும் அருள்வானாக.